கிராஃபிட்டிக்கு என்ன சொல்? வியாழனுக்குள் வேண்டும்

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
வணக்கம். எங்கள் டர்பன் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு படக்காட்சி. அட்டைகளுக்குத் தமிழ் எழுதும் வேலை என் தலையில். பொலிவியாவின் லா பாஸ் நகரில் 1992இல் தொடங்கிய பெண்ணியக் குழு முஹேரெஸ் கிரேயாந்தோ; அவர்களுடைய கிராஃபிட்டிதான் படங்களில். தொடங்கியவர்களில் மரியா கலிந்தோவும் ஹூலியேத்தா பரேதெஸும் தங்களைத் தன்பாலீர்ப்புப் பெண்கள் என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள். சுவரில் ஸ்பிரே பெயிண்ட், எழுத்தோடு எழுத்து கோத்து எழுதிய ஓரிரு வரி, கீழே குழுவின் பெயர். 'சுவரெழுத்து' எனலாமா?

ஃபீனிக்ஸிலிருந்து:
வேண்டாம் தங்கச்சி. தமிழ்நாட்டில் அது கட்சிக்காரர் சுண்ணாம்படித்துச் சுவர் பிடிக்கும் வேலை. இத்தாலியத்தில் கிராஃபிட்டியின் வேர் கீறுவது. ஆகவே 'சுவர்க்கீறல்'. கிரேக்க 'கிராஃபெய்ன்', நம் கீறு, கிறுக்கு மூன்றும் ஒன்றே என்று எத்தனை வருடமாகச் சொல்கிறேன்!

டோங்காட்டிலிருந்து:
ஐயா, நிரூபணமில்லாத அந்த வேரை இன்னொரு நாள் தோண்டலாம். சுவர்க்கீறல் என்றால் கொத்தனாரைக் கூப்பிடத் தோன்றுகிறது. கிறுக்கல் என்றால் எழுதியவள் கிறுக்கி. பேசாமல் கிராஃபிட்டி என்றே போடுங்கள். இங்கே பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பதே பெரிய காரியம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
கிறுக்கி என்றால் என்ன குறை அக்கா? 1991இல் நியூயார்க்கில் தொடங்கிய தன்பாலீர்ப்புப் பெண்கள் குழு ஒன்று, தங்களைத் திட்டும் வசைகளையே வரிசையாக அச்சடித்துப் பசை தடவித் தெருவில் ஒட்டியது. குழுவின் பெயரை இங்கே எழுத மாட்டேன், ஐயா படிப்பார். ஆனால் அது சுவரொட்டி, வேறு சங்கதி. என் சொல் 'மடலெழுத்து'. காதலைத் தெருவுக்குக் கொண்டுவரும் வழக்கம் நமக்கு, காதல் கைகூடாதவன் பனைமடல் குதிரையில் ஊருக்குள் வரும் மடலேறுதல்தானே?

ஃபீனிக்ஸிலிருந்து:
மகளிர் மடலேறுவதில்லை. தொல்காப்பியம், அகத்திணையியல் பார்க்கவும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
அதனால்தான் ஐயா, அந்தச் சொல்லை இந்தப் பெண்களுக்குக் கேட்கிறேன்!

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
இல்லை தம்பி. மடலேறுபவன் காதலியின் படத்தைத் துணிக்கிழியில் எழுதி, ஊர் நடுவே அவள் பெயரை இழுக்கிறான். பெண்ணைத் தராவிட்டால் பார் என்கிற மிரட்டல் அது. இவர்கள் எழுதுவது தங்கள் பேச்சை, தங்கள் பெயர் போட்டு. டர்பன் விளக்குக் கம்பங்களில் 'பிரிந்த காதலியை மீட்டுத் தருகிறோம்' என்று ஒட்டியிருக்கிறதே, அதுதான் மடலுக்கு நெருக்கம். அதோடு, நாம் இப்போது எழுதிக்கொண்டிருப்பதும் மடல்தான், குழப்பம்.

டோங்காட்டிலிருந்து:
சிரித்துவிட்டேன். சரி, சுவரெழுத்தே இருக்கட்டும். பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தைப் பரிபாடல் 'எழுத்துநிலை மண்டபம்' என்கிறது. எழுத்தில் படமும் அடங்கும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
அப்போ 'அனுமதி கேளாச் சுவரெழுத்து'. கட்சிக்காரரோடு குழம்பாது. முதல் அட்டையில் மட்டும் பக்கத்தில் கிராஃபிட்டி. மூன்று பேர் சம்மதம், அச்சுக்கு அனுப்புகிறேன்.

ஃபீனிக்ஸிலிருந்து:
என் எதிர்ப்பைப் பதிவு செய்யவும். 'கேளா' என்றால் காது கேட்காத சுவர் என்றும் பொருள் வரும்.