457-ஐ விட மனமில்லாமல் போன ஆறு நிமிடம்

ஜிஆர்இ (வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் தேர்வு) எழுதப் போகிறவர்கள் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். நேரம் போதாமல் போவதற்குக் கஷ்டமான கேள்விகள்தான் காரணம் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். என் நேரத்தைத் தின்றவை எனக்கு நன்றாகத் தெரிந்த கேள்விகள்.

ஒரு மாதிரித் தேர்வில் நடந்தது. கணிதத்தின் இரண்டாம் பகுதி, 26 நிமிடத்தில் 15 கேள்வி. நான்காவதாக வந்தது பள்ளிக்கூடக் கணக்கு: 1 முதல் 1000 வரை, 3 ஆலோ 5 ஆலோ வகுபடும் எண்கள் எத்தனை? மூன்றின் மடங்குகள் 333, ஐந்தின் மடங்குகள் 200, இரண்டிலும் வருகிற 15-இன் மடங்குகளைக் கழித்தால் முடிந்தது. 533-இல் 76 போக 457. விடைகளில் 457 இல்லை, 467 இருந்தது. மறுபடி போட்டேன், அதே 457. கேள்வியைத் திரும்பப் படித்தேன், புதிதாக எழுதிப் பார்த்தேன், அப்போதும் 457. 467-ஐத் தொட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எங்கே தப்பு என்று தெரியாமல் நகர மனம் வரவில்லை. 'இது எனக்குத் தெரியுமே' என்ற எண்ணம் ஆளை அப்படியே பிடித்து உட்கார வைத்துவிடுகிறது.

தப்பு இதுதான்: 15-இன் மடங்குகள் 66. அவசரத்தில் 76 என்று எழுதிவிட்டு, ஒவ்வொரு முறையும் அந்த 76-ஐயே எடுத்துக் கழித்துக்கொண்டிருந்தேன். திரையிலேயே கால்குலேட்டர் இருக்கிறது, அந்த வகுத்தலை மட்டும் அதில் போட்டுப் பார்க்கவே இல்லை.

நிமிர்ந்தபோது ஆறு நிமிடம் போயிருந்தது. கடைசி மூன்று கேள்விகளைப் படிக்கக்கூட முடியாமல் பகுதி மூடிக்கொண்டது. அன்று இரவு அந்த மூன்றையும் போட்டுப் பார்த்தேன். மொத்தம் நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது. ஒரே பகுதிக்குள் எல்லாக் கேள்விக்கும் எடை ஒன்றுதான், தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. அந்த மூன்றையும் வெறுமனே காலியாக விட்டிருந்தேன்.

அப்புறம் செய்த மாற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. பகுதி தொடங்கியதும் ரஃப் தாளின் மூலையில் 17, 9 என்று இரண்டு எண்கள் எழுதிக்கொள்வேன். ஐந்தாவது கேள்வி முடியும்போது 17 நிமிடம், பத்தாவது முடியும்போது 9 நிமிடம் மிச்சம் இருக்க வேண்டும். 21 நிமிடத்தில் 12 கேள்வி வரும் முதல் பகுதிக்கு ஒரே எண்: ஆறு முடிந்ததும் 11. இந்த இடங்களில் மட்டும்தான் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒவ்வொரு கேள்விக்கும் பார்த்தால் கை நடுங்க ஆரம்பித்துவிடுகிறது.

இன்னொன்று, பயிற்சியின்போது பாதி போட்ட கணக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போய்ப் பழகினேன். ஏதோ ஒரு விடையைத் தொட்டு, திரும்பி வர ஒரு அடையாளம் போட்டு, அடுத்தது. முதல் வாரம் மனம் அந்தக் கணக்கிலேயே நின்றது, அடுத்த கேள்வியைப் படித்தும் ஏறவில்லை. இரண்டாவது வாரம்தான் சரியானது.

* * *

மேலே எழுதியதைப் படித்துவிட்டு நான் எழுதும் பதில் இது. உங்கள் 457 போல எனக்கு ஜிஆர்இ-யின் மொழிப் பகுதியில் நடந்தது. 18 நிமிடத்தில் 12 கேள்வி. நேரம் குறைகிறது என்று தெரிந்ததும் பத்தியில் கண் மட்டும் ஓடும், பொருள் ஏறாது. ஒரே பத்தியை மூன்று தடவை படித்திருக்கிறேன். இப்போது வெற்றிடம் நிரப்பும் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன், பகுதிக்குள் எப்படி வேண்டுமானாலும் போய்வரலாம்தானே. பிறகு பத்தியில் ஒவ்வொரு திருப்பத்திலும் மனத்துக்குள் தமிழில் ஒரு வரி சொல்லிக்கொள்வேன்: 'பழைய விளக்கம் போதாது என்கிறார்.' அந்த ஒரு வரி வந்துவிட்டால் திரும்பிப் போய்ப் படிக்கத் தேவையிருக்காது.

* * *

இன்னொரு பதில்: ஜிமேட் (எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புக்கான தேர்வு) எழுதுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே விடை கொடுக்காமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது, பகுதி முடிவில் மூன்று விடைகளைத்தான் மாற்றலாம். நான் முதல் தடவை எட்டுக் கேள்விக்குக் குறி போட்டுவைத்து, எதை மாற்றுவது என்று யோசிப்பதிலேயே கடைசி நிமிடங்களை இழந்தேன். கணிதத்தில் 45 நிமிடம், 21 கேள்வி, கால்குலேட்டரும் கிடையாது. இப்போது முறை எனக்குத் தெரிந்து, கணக்கில் மட்டும் சந்தேகம் இருக்கிற கேள்விக்குத்தான் குறி. முறையே தெரியாததற்கு ஒரு விடை கொடுத்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறேன்.

* * *

முதலில் எழுதியவன்தான். அசல் தேர்வில் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாம் கணிதப் பகுதியில் ஒன்றை அப்படித்தான் பாதியில் விட்டேன். கடைசியில் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது, திரும்பிப் போனேன். கேள்வியில் ஒரு சொல்லை விட்டுப் படித்திருக்கிறேன், இந்தத் தடவை திரை திறந்ததும் அதுதான் முதலில் கண்ணில் பட்டது.