செஸ்னா 152ல குள்ளமான ஆக்கள் எப்பிடி இருந்து ஓட்டுறீங்கள்?

இரத்மலானையில பைலட் ட்ரெய்னிங் செய்யிறன், பிளேன் செஸ்னா 152, 1985ஓட செய்யிறதையே நிப்பாட்டின பழைய மொடல். என்ர உயரம் 5 அடி 1 அங்குலம். லேண்டிங்கில கடைசியா மூக்கைத் தூக்கேக்க டாஷ்போர்ட் அப்பிடியே ரன்வேயை மறைச்சிடுது, நிலம் எங்க இருக்குதெண்டே பிடிபடேல்ல, ஒண்டில் உயரத்தில நிண்டு தொப்பெண்டு விழுகுது இல்லாட்டி துள்ளுது. சோலோ, அதாவது தனியா ஓட்டிப் போற நேரம் வந்தும் ரெண்டு மாசமா இதிலயே நிக்கிறன்.

செட்டை மேல இருக்கிறதால ரன்வேக்குத் திரும்பேக்க உள்பக்கச் செட்டை கீழ வந்து அதையும் மறைக்கும், அது எல்லாருக்கும் உள்ளதுதான், பழகீட்டுது. சீட் ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில, நான் நடுவுக்கு இடப்பக்கம் இருக்கிறதால மூக்கு எங்க பார்க்குதெண்டதும் முதல்ல குழப்பினதுதான். சீட் முன்னுக்குப் பின்னுக்கு இருக்கிற பைப்பர் கப் பிளேன் மாதிரி எண்டா அந்தக் கரைச்சல் இல்லை, ஆனா இங்க கிடைக்கிறது இதுதானே.

இந்த பிளேன்ல சீட்டை உயர்த்த ஏலாது, முன்னுக்குத் தள்ளலாம், தள்ளினா யோக் (ஸ்டியரிங் மாதிரிப் பிடிக்கிறது) வயித்தில இடிக்குது. வெள்ளவத்தையில வாங்கின ஸ்பொஞ்ச் குஷன் இருந்த உடன அமுங்கிப்போச்சு. கெட்டியானது வைச்சா பார்வை சரி, ஆனா மூக்கை இடம் வலம் திருப்புற ரடர் பெடலை முழுசா மிதிக்கக் கால் எட்டேல்ல. ரன்வேன்ர கடைசியைப் பார் எண்டு இன்ஸ்ட்ரக்டர் சொல்லுறார், அதே தெரியேல்லையே!

என்ர உயரத்தில 152 ஓட்டின ஆரும் இருந்தா, கீழயும் முதுகுக்கும் என்ன மொத்தத்தில குஷன் வைச்சு பார்வையையும் பெடலையும் ஒண்டா சரிக்கட்டினீங்கள்?