வகுப்பு நிறைவு வீடியோவில் குரல் பிந்துகிறது, வழி சொல்லுங்கள்

பயிற்சி முடிவதால், வகுப்புத் தோழர்கள் ஆளுக்கு அரை நிமிடம் நன்றி சொல்லி அனுப்பிய துண்டுகளை ஒரே வீடியோவாகக் கோக்கிறேன். சிலவற்றில் தொடக்கத்தில் உதடும் குரலும் சரியாக ஒட்டுகின்றன, போகப் போகக் குரல் பிந்துகிறது. "போய் வருகிறேன்" என்று வாய் மூடிய பிறகுதான் சத்தம் வருகிறது.

வீடியோ தொகுக்கும் மென்பொருள் ஷாட்கட், விண்டோஸ் 11. 1080பி, விநாடிக்கு 30 பிரேம் (தனிப்படம்), ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். வெள்ளிக்கிழமை மாலை திரையிட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தவற்றை டாக்குமென்ட்டாகத் திரும்ப வாங்கினேன். படம் தெளிவானது, குரல் அப்படியேதான். போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்பப் பிரேம் வேகத்தை ஏற்றி இறக்கும் என்பதால், ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்' (மாறாத பிரேம் வேகம்) வைத்து 30-க்கு மாற்றினேன். பெரும்பாலானவை ஒழுங்காகிவிட்டன. மங்கிய அறை விளக்கில் எடுத்தவை மட்டும் முரண்டு பிடிக்கின்றன. கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோவில் பார்த்தால் ஒன்றில் படம் 31.4 விநாடி, ஒலி 32.0. மூலக் கோப்பே விஎல்சி பிளேயரில் இப்படித்தான் ஓடுகிறது, ஆக மாற்றியதில் வந்த கோளாறு இல்லை.

ஒலியை முன்னால் நகர்த்தினால் கடைசி சரியாகித் தொடக்கம் கெடுகிறது. ஒலியைப் பிரித்து வேகத்தை 1.019 ஆக்கினால் நேரம் பொருந்துகிறது, ஆனால் சுருதி ஏறுகிறது. சுருதியை மாறாமல் வைக்கும் 'பிட்ச் காம்பன்சேஷன்' போட்டால் குரல் தகரத்தில் தட்டியதுபோல் ஒலிக்கிறது. நன்றி சொல்லும் குரல் அப்படிக் கேட்கக் கூடாது. எல்லோரும் கலைந்துவிட்டதால் மறுபடி எடுக்கச் சொல்லவும் முடியாது.

குரலைத் தொடாமல் படத்தை மட்டும் 2% மெதுவாக்கினால் அசைவில் துள்ளல் தெரியுமா?