கோர்ஃப் கோட்டையில் மறக்க முடியாத ஓர் இடம்: அனுபவப் பகிர்வு

அகழி:
இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலுள்ள இக்கோட்டையைப் பற்றி இங்குள்ளவர்கள் அறிவீர்கள் என்பதால், நேரே விஷயத்துக்கு வருகிறேன். மேலே ஏறும் வழியிலுள்ள தென்மேற்கு வாயிலில் நின்றபோது, வளைவின் ஒரு பாதிக்குப் பல அடி கீழே மறுபாதி நிற்பதைக் கண்டேன். இடப்புறக் கோபுரம் விழாமல், நின்ற நிலையிலேயே சரிவில் இறங்கியிருக்கிறது. கல்வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தாத அந்த இடைவெளியைக் கடக்க எனக்குக் கால் வரவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் மன்னர் தரப்புக்கும் நாடாளுமன்றத் தரப்புக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் பீரங்கிகள் எத்தனை கொடியவை என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

கல்லச்சு:
அகழி அவர்களே, பீரங்கிகள்மேல் பழி சுமத்துவதை ஏற்க முடியவில்லை. மன்னர் தரப்பின் கையிலிருந்த இக்கோட்டையை, 1643-இல் நாடாளுமன்றப் படை நடத்திய முற்றுகையால் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் முற்றுகையில், உள்ளிருந்த பிட்மன் என்ற அதிகாரி, துணைப்படை என்று சொல்லி எதிரிகளையே அழைத்து வந்ததால்தான் 1646-இல் அது வீழ்ந்தது. அதன்பின் நாடாளுமன்றம் இடிக்க ஆணையிட, சுவர்களின் அடியைத் தோண்டி வெடிமருந்து வைத்தார்கள். நீங்கள் கண்ட பிளவு அந்த வேலையின் விளைவே. வென்றவர்கள் நிதானமாகச் செய்த அழிவு என்பதால்தான் அது எனக்கு அதிகம் வலிக்கிறது. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி காலத்து உயர்ந்த கோபுரத்தின் அருகே, காரை விடாமல் பெயர்ந்து கிடக்கும் பெரும் சுவர்த்துண்டுகளைத் தொட்டுப் பார்த்தபோது அதைத்தான் உணர்ந்தேன்.

மலைமுகடு:
முதல் முற்றுகையில், கோட்டைக்கு உரிய குடும்பத்தின் தலைவி மேரி பேங்க்ஸ் அம்மையார் தம் மகள்களோடும் பணிப்பெண்களோடும் சில வீரர்களோடும் நின்று, ஏறி வந்தவர்கள்மேல் கற்களையும் தணலையும் கொட்டிய மேல்முற்றத்தில் நின்று கீழே பார்த்தேன். அந்தச் செங்குத்தான சரிவே பாதிக் காவல் என்பது புரிந்தது.

இனிச் செல்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மழை பெய்தால் புல்சரிவு வழுக்கும் என்பதால் நல்ல பிடிப்புள்ள காலணி அணியுங்கள், முதியவர்களை அவசரப்படுத்தாதீர்கள். கோபுரத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், கீழேயுள்ள ஊரின் வீட்டுச் சுவர்களையும் கவனியுங்கள். இடிந்த கோட்டையின் கற்கள் அங்கே கட்டுமானத்துக்குப் போயின. நேரமிருந்தால், பேங்க்ஸ் குடும்பம் பின்னர் கட்டிய கிங்ஸ்டன் லேசி மாளிகைக்கும் செல்லுங்கள். கோட்டை வீழ்ந்தபின் வென்றவர்கள் அம்மையாரின் துணிவை மதித்து அவரிடமே திருப்பித் தந்ததாகச் சொல்லப்படும் கோட்டைச் சாவிகள் அங்கே இருக்கின்றன. கோட்டையைப் பார்த்த பிறகு அவற்றைப் பார்ப்பதே சரியான வரிசை.