முதல் ரவுண்டு 1:08

அம்மா (மாலை 6:40): பாப்பா டிஸ்ட்ரிக்ட் மீட் 800 மீட்டர்ல நாலாவது. வந்ததுல இருந்து ரூமைச் சாத்திட்டுப் படுத்திருக்கா. சாப்பிடல. இனிமே ஓடவே மாட்டாளாம்.

பெரியப்பா (6:44): நாலாவதுன்னா ஒண்ணும் கிடையாதேம்மா. பத்தாம் கிளாஸ் வேற. இந்த வருஷத்தோட நிறுத்திக்கட்டும்.

அத்தை (6:51): அண்ணே, கொஞ்சம் இருங்க. பாப்பா, நீ குரூப்பைப் பாத்துட்டேன்னு தெரியுது. கேலரியில இருந்து வாட்ச் பிடிச்சேன். முதல் 200 மீட்டர் 31 செகண்ட். முதல் ரவுண்டு, அதாவது 400 மீட்டர், ஒரு நிமிஷம் 8 செகண்ட், 1:08. ரெண்டாவது 1:27. மொத்தம் 2:35. மூணாவது வந்த பொண்ணு 2:33தான். 600 வரைக்கும் உன் பின்னாடிதான் இருந்தா.

பாப்பா (6:58): கடைசி 150ல கால் கல்லு மாதிரி ஆயிடுச்சு அத்தை. கையைக்கூட வீச முடியல

அத்தை (7:00): ஆகும்டா. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல ருடிஷா 1:40.91 ஓடினாரே, அதுல முதல் ரவுண்டு 49.28, ரெண்டாவது 51.63. வித்தியாசம் ரெண்டு செகண்டு சொச்சம். உனக்கு 19. உன்கிட்ட வேகம் இருக்கு, அதைப் பங்கு போடத் தெரியல.

தாத்தா (7:02): அது யாரும்மா ருடிஷா

அத்தை (7:02): கென்யாக்காரர்ப்பா. 800ல உலக சாதனை அவரோடதுதான்.

பாப்பா (7:04): லேன் விட்டு உள்ள வர்ற இடத்துல ஒருத்தி முழங்கையால இடிச்சா

அத்தை (7:05): பார்த்தேன். பயந்து முன்னாடி பாய்ஞ்சுட்ட. அங்கதான் அந்த 31 வந்துச்சு.

பெரியப்பா (7:09): சரி, ஓடி என்ன ஆகப்போகுது? புதுக்கோட்டை சாந்தி மெடலே வாங்குச்சு. கடைசியில செங்கல் சூளைக்குத்தானே போச்சு.

அத்தை (7:21): பாதியில நிறுத்திட்டீங்கண்ணே. எல்லாரும் அங்கதான் நிறுத்துறாங்க, எனக்கு ஆத்திரமா வரும். 2006 தோஹா ஏசியன் கேம்ஸ், 800 மீட்டர், சாந்தி சௌந்தரராஜன் 2:03.16, வெள்ளி. மூணாவது வந்த கஜகஸ்தான் பொண்ணு 2:03.19. கத்தக்குறிச்சியில சூளை வேலை பார்த்தவங்க பெத்த பொண்ணு அவங்க. பாலினப் பரிசோதனைன்னு சொல்லி மெடலைப் பிடுங்கிட்டாங்க. அவங்க உடம்பைப் பத்தி நாடே டிவியில பேசுச்சு. அதுக்கப்புறமும் புதுக்கோட்டையில பிள்ளைங்களுக்கு ஓட்டம் சொல்லிக் குடுத்தாங்க. கையில காசில்லாம 2012ல சூளையில தினக்கூலி, அது நிஜம். ஆனா 2013ல பெங்களூர்ல இந்திய விளையாட்டு ஆணையத்தோட (சாய்) சென்டர்ல கோச்சிங் டிப்ளமோ சேர்ந்தாங்க, முடிச்சாங்க. 2016ல தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துல நிரந்தர கோச் ஆனாங்க. தோஹாவுல இருந்து எண்ணினா பத்து வருஷம்ணே.

பெரியப்பா (7:24): கோச் ஆனது தெரியாதும்மா.

பாப்பா (7:26): நீங்க ஏன் அத்தை ஓடுறதை விட்டீங்க?

அத்தை (7:35): 2:14க்குக் கீழ வரவே முடியலடா. மூணு சீசன் முட்டிப் பார்த்தேன். விட்டதும் மூணு மாசம் கிரவுண்ட் பக்கமே போகல. அப்புறம் எங்க சார் கூப்பிட்டு, ஜூனியர் பொண்ணுங்களுக்கு டைம் எடுன்னு வாட்சைக் கையில குடுத்தார். அன்னிக்குத்தான் 800 மீட்டரை முதல் தடவையா வெளியில நின்னு பார்த்தேன். ஓடும்போது முன்னாடி போறவ முதுகுதான் தெரியும். வெளியில நின்னா தோள் தெரியும். தோள் காதுகிட்ட ஏறுச்சுன்னா அடுத்து கால் போகப்போகுது. உனக்கு 520ல ஏறுச்சு. அந்த இடத்துல எனக்கும் அப்படித்தான் ஏறியிருக்கும், யாரும் சொல்லல.

அம்மா (7:37): அண்ணி, கதவு திறந்துடுச்சு. தட்டை எடுத்துட்டு வந்து உக்காந்துட்டா

அத்தை (7:39): சாப்பிடட்டும். ரெண்டு நாள் ரெஸ்ட். புதன்கிழமை காலையில 5:30க்குக் கிரவுண்டுக்கு அனுப்புங்க. ஸ்பைக்ஸ் வேண்டாம், சாதா ஷூ போதும். 300 மீட்டர் நாலு தடவை, நடுவுல மூணு நிமிஷம் நடை. ஒவ்வொண்ணும் 57 செகண்ட்.

பாப்பா (7:40): 57ஆ? 52லயே வருவேனே அத்தை

அத்தை (7:40): அதைத்தான் வேண்டாங்கிறேன். 56க்கு முன்னாடி வந்தா அந்த 300 செல்லாது, திரும்ப ஓடணும்.

தாத்தா (7:43): நானும் வரேன். வீட்டுல சும்மாதானே இருக்கேன்

அத்தை (7:44): வாங்கப்பா. நூறு மீட்டர் கோட்டுல நில்லுங்க. அவ தாண்டும்போது 19 செகண்ட் ஆகியிருக்கணும். ஆகலைன்னா "மெதுவா"ன்னு சத்தம் போடுங்க.

பெரியப்பா (7:52): 200ல யாரு நிக்கிறது?

அத்தை (7:52): ஆள் இல்லண்ணே.

பெரியப்பா (7:53): நான் நிக்கிறேன். எத்தனை ஆகியிருக்கணும்?

அத்தை (7:53): 38.