புதுப்பிப்பு: போகாத பச்சை மை டாட்டூ, பிகோ லேசரில் மங்கியது

முன்கை டாட்டூவை அழிக்க அடித்த கியூ-சுவிட்ச்டு லேசருக்கு (நானோ நொடிக் கணக்கில் துடிக்கும் வகை) கறுப்பு மங்கியும் பச்சை இலை மட்டும் அசையவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி மக்கா.

பலித்தது தக்கலை அக்கா சொன்ன யோசனைதான்: கறுப்புக்கு 1064 நானோமீட்டர் அலைநீள ஒளி போதும், பச்சைக்கு 755 நானோமீட்டர் உள்ள பிகோ லேசர் வேண்டும். நாகர்கோவிலில் நான் போன இடத்தில் அது இல்லை, திருவனந்தபுரம் போனேன். ஒளித் துடிப்பு பிகோ நொடிக் கணக்கில் (ஒரு பிகோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) விழுவதால் மை இன்னும் பொடியாக நொறுங்குகிறது. அதை உடம்புதான் மெல்ல அப்புறப்படுத்த வேண்டும், அதனால் ஒவ்வொரு முறைக்கும் நடுவே 6 முதல் 8 வாரம் இடைவெளி. அடித்ததும் தோல் வெள்ளையாகப் பூத்து, கொஞ்ச நேரத்தில் அடங்கியது. இப்போது இலையை உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

எதிர்பாராதது: அங்கே தோல் நிறமும் வெளுத்துவிட்டது. நம்மைப் போன்ற மாநிறத்துக்கு 755-இல் இந்த ஆபத்து அதிகம். முதலில் சின்ன இடத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.