உதவி தேவை: ஒரே மாதத்தில் 16,400 ரூபா மின்பட்டியல், யாரிடம் முறையிடுவது?

கொக்குவில்வாசி | 16 ஒக்டோபர் 2025, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கு இந்த மாதம் 16,400 ரூபாவுக்குச் சற்று அதிகமான மின்பட்டியல் வந்திருக்கிறது. கடந்த இரண்டு மாதங்களும் 600 ரூபாவைக்கூடத் தாண்டவில்லை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டுமே இருக்கிறோம். மின்சார சபைக் கந்தோருக்குச் சென்று கேட்டபோது, முதலில் பணத்தைக் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்று கூறி அனுப்பிவிட்டார்கள். மின்மானி பழுதாகிவிட்டதா? யாரிடம் முறையிட வேண்டும்? பணம் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களா?

சுன்னாகத்து வயரிங்காரன் | இரவு 10.05

உங்கள் வீட்டில் இருப்பது தட்டுச் சுழலும் பழைய மானியா, எண்கள் ஒளிரும் புதிய மானியா? கிணற்றில் மோட்டர் இருக்கிறதா? என் அனுபவத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் இப்படித் திடீரென ஏறும் பட்டியல்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் கிணற்று மோட்டரே காரணம். உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள வால்வு தேய்ந்துவிட்டால் குழாயில் தண்ணீர் நிற்காது. மோட்டர் காற்றை இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும். மண்ணுக்குள் புதைத்த வயரின் உறை வெடித்து மின் கசிந்தாலும் இதே விளைவுதான்.

எண்ணும் எழுத்தும் | இரவு 10.22

தம்பி, பட்டியலின் மொத்தத் தொகையை மட்டும் எழுதிவிட்டு மானி பழுதா என்று கேட்பது, வைத்தியரிடம் மருந்துச் சிட்டையின் விலையைச் சொல்லி நோய் என்னவென்று கேட்பதைப் போன்றது. இந்தக் குழுவில் நான் இதைப் பலமுறை எழுதியிருக்கிறேன், வாசிப்பவர்தான் எவருமில்லை. முந்தைய வாசிப்பு, தற்போதைய வாசிப்பு, இரண்டின் திகதிகள், நாட்களின் எண்ணிக்கை ஆகிய அனைத்தும் பட்டியலிலேயே இருக்கின்றன. அவற்றை இங்கே எழுதுங்கள்.

உரும்பிராயான் | இரவு 10.31

கூரையில் சூரியப் படலம் பொருத்தியிருக்கிறீர்களா? எங்கள் உறவினர் ஒருவருக்கு, கொடுத்த மின்னையும் எடுத்த மின்னையும் தலைகீழாகக் கணக்குப் போட்டு அனுப்பியிருந்தார்கள். இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம், இந்தப் புதிய மானிகள் வேகமாக ஓடுகின்றன.

கொக்குவில்வாசி | 17 ஒக்டோபர், காலை 6.15

பதில்களுக்கு நன்றி. பாடசாலைக்குப் புறப்படும் அவசரத்தில் எழுதுகிறேன். 334 அலகுகள் என்று போட்டிருக்கிறது. எண்கள் ஒளிரும் மானி. சூரியப் படலம் இல்லை. மோட்டர் இருக்கிறது. மேலும், ஐயா, நான் தம்பி அல்ல. இரண்டு பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்ட அக்கா.

எண்ணும் எழுத்தும் | காலை 7.02

மன்னிக்கவும், அக்கா. ஆயினும் திகதிகளை இன்னும் எழுதவில்லை.

சுன்னாகத்து வயரிங்காரன் | காலை 7.40

அக்கா, காசு செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் இருக்கின்றன. முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மானியிலுள்ள சிறிய சிவப்பு விளக்கைப் பத்து நிமிடம் பாருங்கள். வீட்டில் எதுவுமே ஓடாத நேரத்திலும் அது சிமிட்டினால், மெயின் சுவிட்சுக்கு முன்னால் யாரோ மின் எடுக்கிறார்கள், அல்லது மானியில் பிழை இருக்கிறது. அடுத்தது, அந்த விளக்குக்கு அருகில் ஓர் அலகுக்கு எத்தனை சிமிட்டல் என்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். 1600 என்று இருந்தால், குளிர்சாதனப் பெட்டி உட்பட அனைத்தையும் கழற்றிவிட்டு, 1500 வாற்று மின்கேத்தல் ஒன்றை நிறையத் தண்ணீருடன் சரியாக நான்கு நிமிடம் போடுங்கள். அதற்குள் அது பத்தில் ஒரு பங்கு அலகை எடுக்கும். விளக்கு ஏறத்தாழ 160 தடவை சிமிட்ட வேண்டும். சிலர் துணி தேய்க்கும் மின்னழுத்தியை வைத்துச் சோதிக்கச் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். சூடேறியதும் அது தானாகவே நின்று நின்று எரியும், கணக்குப் பிழைத்துவிடும்.

நல்லூர்வீதி | காலை 9.10

இவை எல்லாவற்றையும் நுகர்வோரே செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் வெட்கக்கேடு. இதற்கென்றே 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு என்று ஒன்றை அமைத்தார்கள், 2009ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மின்கட்டணத்தை அனுமதிக்கும் அதிகாரத்தையும் அதற்குக் கொடுத்தது. ஆனால் அது பெயருக்கு இருக்கும் காவற்காரன்தான். 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதத்தாலும், ஆறே மாதங்களில் மீண்டும் 66 வீதத்தாலும் கட்டணம் ஏறியபோது யார் தடுத்தார்கள்? இரண்டாவது உயர்வை எதிர்த்த ஆணைக்குழுத் தலைவரையே 2023 மே மாதத்தில் பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்குகளால் பதவியிலிருந்து நீக்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்த அதிகாரி வாய் திறப்பார்?

எண்ணும் எழுத்தும் | காலை 9.34

பாதி உண்மையை மட்டும் எழுதுவது உங்கள் வழக்கம். அந்த 75 வீத உயர்வும் அதே தலைவர் இருந்த காலத்தில் ஆணைக்குழு அனுமதித்ததுதான். குறைத்த வரலாறும் இருக்கிறது. 2024 மார்ச்சில் 21.9 வீதம், யூலையில் 22.5 வீதம், 2025 சனவரியில் 20 வீதம் குறைத்தார்கள். இந்த யூனில் 15 வீதம் ஏற்றினார்கள் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் இந்த வாரம்தான் 6.8 வீத உயர்வுக்கான கோரிக்கையை நிராகரித்தார்கள். காவற்காரன் தூங்குகிறான் என்றால் இதைச் செய்தது யார்?

நல்லூர்வீதி | காலை 9.50

நாடு முழுவதற்குமான கட்டண அட்டவணையில் கையொப்பமிடுவது வேறு, கொக்குவிலில் ஒரு வீட்டின் கேற்றடியில் மானி ஒழுங்காக வாசிக்கப்படுகிறதா என்று பார்ப்பது வேறு. முதலாவதற்குப் பத்திரிகையாளர் மாநாடு வைக்கிறார்கள். இரண்டாவதற்கு, எங்களைப் போன்றவர்கள் கடிதத்துக்குமேல் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். விற்பவர் ஒருவரே என்றிருக்கும் சந்தையில் கண்காணிப்பும் தளர்ந்துவிட்டால், கருமபீடத்தில் இருப்பவர் ‘முதலில் கட்டுங்கள்’ என்று சொல்வதில் என்ன வியப்பு?

வல்லிபுரத்தான் | காலை 11.15

மின்சாரமே இல்லாமல் 1990களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் நாங்கள். இன்று ஒரு பட்டியலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

சுன்னாகத்து வயரிங்காரன் | காலை 11.28

அண்ணா, போத்தல் விளக்குக்கு யாரும் 334 அலகு போட்டுப் பட்டியல் அனுப்பவில்லை. விடயத்துக்கு வருவோம்.

கொக்குவில்வாசி | இரவு 8.50

மெயின் சுவிட்சை அணைத்ததும் சிவப்பு விளக்கு சிமிட்டவே இல்லை. கேத்தல் சோதனையில் நான் எண்ணியபோது 157, அம்மா எண்ணியபோது 159. மோட்டரும் வழக்கம்போல இருபது நிமிடத்தில் தாங்கியை நிரப்பிவிட்டது. பட்டியலில் முந்தைய வாசிப்பு 21,456, இப்போதைய வாசிப்பு 21,790, திகதி ஒக்டோபர் 2, நாட்கள் 30. பழைய பட்டியல்களையும் தேடி எடுத்தேன். ஓகஸ்ட் 3, செப்டெம்பர் 2 ஆகிய இரண்டிலும் சரியாக 58 அலகுகள் என்றே இருக்கின்றன. யூலை 4இல் வாசிப்பு 21,340.

எண்ணும் எழுத்தும் | இரவு 9.05

இரண்டு மாதமும் ஒரே 58 என்றால் அது வாசிப்பு அல்ல, மதிப்பீடு. அந்தத் திகதிகளில் உங்கள் கேற் பூட்டியிருந்ததா?

கொக்குவில்வாசி | இரவு 9.20

ஆம், நாய் இருப்பதால் பகலில் எப்போதும் பூட்டியே இருக்கும். இம்மாதம் 2ஆம் திகதி அம்மா வீட்டில் இருந்ததால் வாசிப்பவர் உள்ளே வந்தார். நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து அண்ணாவின் குடும்பம் வந்து ஐந்து வாரம் தங்கியிருந்தது, பிள்ளைகளுக்காக ஓர் அறைக்குக் குளிரூட்டியும் போட்டோம். இது முக்கியம் என்று நினைக்கவில்லை.

உரும்பிராயான் | இரவு 9.24

அக்கா!

எண்ணும் எழுத்தும் | இரவு 10.10

இனிக் கணக்கைப் பார்க்கலாம். யூலை 4 முதல் ஒக்டோபர் 2 வரை 90 நாட்களில் உண்மையில் எரிந்தவை 450 அலகுகள், அதாவது நாளொன்றுக்கு ஐந்து. மானியில் பிழையில்லை. ஆனால் முதல் இரண்டு மாதங்களுக்கு 58, 58 என்று குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு, மிகுதி 334 அலகுகளையும் கடைசி 30 நாட்களின் தலையில் கொட்டியிருக்கிறார்கள். இதில்தான் நீங்கள் இழக்கிறீர்கள்.

2025 யூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணம் 30 நாட்களுக்கான படிகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. 60 அலகைத் தாண்டினால் முதல் 60க்கும் 12.75 ரூபா வீதம், அடுத்த 30க்கு 18.50, அடுத்த 30க்கு 24, அடுத்த 60க்கு 41, 180க்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் 61 ரூபா. உங்களுடைய 154 அலகுகள் அந்த 61 ரூபாப் படியில் விழுந்திருக்கின்றன. அந்தப் படிக்குரிய நிலையான கட்டணம் 2,100ஐயும் சேர்த்தால், வரி நீங்கலாக 15,994 ரூபா. இதே 450 அலகுகளை மாதத்துக்கு 150 எனப் பிரித்தால், அதற்குரிய குறைந்த நிலையான கட்டணத்துடன் ஒரு மாதத்துக்கு 4,770 ரூபா, மூன்று மாதங்களுக்கு 14,310. நீங்கள் முன்னர் கட்டிய 569, 569 ஆகியவற்றையும் சேர்த்து இப்போது கேட்கப்படும் மொத்தம் 17,132. ஆகவே நீங்கள் கோரக்கூடியது 2,822 ரூபாவும் அதற்கான வரியுமே. 16,000 ரூபாவும் திரும்பிவரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குறைவான மதிப்பீட்டால் இரண்டு மாதங்கள் மலிவுப் படியில் இருந்தீர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

நல்லூர்வீதி | இரவு 10.25

அந்த மலிவுப் படியின் அழகையும் சொல்லுங்கள். 60 அலகுக்கு 585 ரூபா. 61ஆவது அலகு எரிந்த மாதம் 1,183 ரூபா 50 சதம். ஓர் அலகில் பட்டியல் இரட்டிப்பாகும் அட்டவணைக்கு அனுமதி கொடுத்ததும் உங்கள் காவற்காரன்தான்.

எண்ணும் எழுத்தும் | இரவு 10.31

இந்த ஒரு விடயத்தில் உங்களுடன் முரண்பட மாட்டேன்.

சுன்னாகத்து வயரிங்காரன் | இரவு 10.48

அக்கா, கருமபீடத்தில் வாயால் பேசிப் பயனில்லை. பிரதேச மின் பொறியியலாளருக்கு முகவரியிட்டுக் கடிதம் எழுதுங்கள். மூன்று பட்டியல்களின் பிரதிகளையும் மானியின் படத்தையும் இணைத்து, 450 அலகுகளையும் 90 நாட்களுக்கும் பகிர்ந்து மீளக் கணிக்குமாறு கேளுங்கள். மானி வேகமாக ஓடுகிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதினால் பரிசோதனைக் கட்டணம் கட்டச் சொல்வார்கள், மானி சரியென்று முடிவு வரும், உங்கள் முறைப்பாடும் அத்துடன் மூடப்பட்டுவிடும். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பிரதியுடன்தான் ஆணைக்குழுவுக்கு எழுத முடியும். விநியோகத்தரிடம் முதலில் முறையிட்டீர்களா என்பதுதான் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. இதற்கிடையில் முரண்பாடில்லாத பகுதியைக் கட்டிவிட்டு, பற்றுச்சீட்டைக் கடிதத்துடன் இணையுங்கள். அதையும் கட்டாமல் வைத்திருந்தால் துண்டிக்க வருபவருக்குக் கடிதத்தைக் காட்டி விளக்க வேண்டிய சிரமம் உங்களுக்கே.

உரும்பிராயான் | இரவு 11.02

மானியைக் கேற்றுக்கு வெளியே தெரியும்படி மதிலில் மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. இருந்தாலும் புதிய மானிகள் வேகமாகத்தான் ஓடுகின்றன.

சுன்னாகத்து வயரிங்காரன் | இரவு 11.04

157 சிமிட்டல், அண்ணா. 160ஐவிடக் குறைவு.

கொக்குவில்வாசி | 21 ஒக்டோபர், மாலை 5.30

கடிதம் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். 13,000 ரூபா கட்டினேன். கணக்கைப் பார்த்த உத்தியோகத்தர் மறுக்கவில்லை, அடுத்த பட்டியலில் சரிசெய்யப்படும் என்று வாயால் மட்டும் கூறினார். எழுத்தில் கேட்டேன், தரவில்லை. அனைவருக்கும் நன்றி.

நல்லூர்வீதி | 24 நவம்பர், காலை 8.15

அக்கா, அடுத்த பட்டியல் வந்திருக்குமே. குறைத்தார்களா?

எண்ணும் எழுத்தும் | 2 டிசெம்பர், இரவு 9.00

வாசிப்புகளையும் திகதிகளையும் சேர்த்தே எழுதுங்கள்.